எத்தனை புரி?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்கு ஒரு துண்டுக் கயிறு தேவைப்பட்டது. காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். கயிற்றுக் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "எத்தனை புரி சார்?" என்று கேட்டார். முப்பது வருஷம் வேதியியல் வாத்தியாராகக் காலம் தள்ளியவன் நான். டிஎன்ஏவைப் பார்த்து உலகம் எழுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியை அந்த மனிதர் ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். "நாலு புரி கிடைக்குமா?" என்றேன். "நாலு புரி நம்மகிட்ட வராது. மூணு புரிதான்," என்றார். அதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன். மேசை மேல் இருக்கிறது.

மூன்று புரி என்றதும் எனக்கு லைனஸ் பாலிங் ஞாபகம் வந்தார். 1953 பிப்ரவரியில் அவரும் ராபர்ட் கோரியும் டிஎன்ஏ ஒரு முப்புரிக் கயிறு என்று கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைக்கு வேதியியலில் பாலிங் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் கட்டிய மாதிரியில் பாஸ்பேட்டுகள் எல்லாம் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உயிருள்ள செல்லுக்குள் அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக் கயிறே பிரிந்துபோகும். இரண்டே மாதத்தில், ஏப்ரல் 25ஆம் தேதி நேச்சர் இதழில், வாட்சனும் கிரிக்கும் இருபுரி என்று எழுதினார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதற்குத் துணை நின்றன. பள்ளிக்கூடப் புத்தகம் அதோடு கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுகிறது.

இன்று நான் பேச வந்தது நாற்புரி பற்றி. அந்த நாற்புரியைப் பிடித்துக்கொள்கிற சின்னச் சின்ன மூலக்கூறுகள் பற்றி. அவை மருந்தாகுமா என்பது பற்றி. கடைசியில் "எத்தனை புரிந்தது?" என்று உங்களைக் கேட்க மாட்டேன், பயப்பட வேண்டாம். (சிரிப்பு)

முதலில் குவானின். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஜி என்பது குவானின். கடற்பறவைகளின் எச்சத்துக்குக் குவானோ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து பிரித்தெடுத்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைவிடப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள். மத்தி மீனை ஆய்ந்த கையில் வெள்ளிப்பொடி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் மினுக்குமே, அது குவானின் படிகம். தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டு நிற்பதால்தான் ஒளி அப்படித் தெறிக்கிறது. தட்டையாக இருப்பது, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிக்கொள்வது. குவானினுடைய இந்த இரண்டு குணத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1910இல் ஈவார் பாங் என்ற வேதியியலாளர் ஒரு விசித்திரத்தைக் குறித்து வைத்தார். குவானின் சேர்ந்த அமிலத்தைத் தண்ணீரில் அடர்த்தியாகக் கரைத்தால் அது கஞ்சி ஆறினதுபோல் உறைந்து கூழாகிறது. மற்ற மூன்று எழுத்துகளும் இப்படிச் செய்வதில்லை. ஏன் என்று தெரிய 52 வருஷம் ஆயிற்று. 1962இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ட்டின் கெல்லர்ட், மேரி லிப்செட், டேவிட் டேவிஸ் மூவரும் அந்தக் கூழிலிருந்து இழை இழுத்து எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். நான்கு குவானின்கள் ஒரு சதுரமாகக் கைகோத்து நின்றன.

எப்படிக் கோத்தன? நான்கு பேர் வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் தன் வலது கையை அடுத்தவருடைய இடது தோளில் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கை என்பது குவானினின் ஒரு விளிம்பு. இருபுரியில் சி எழுத்தோடு சேரப் பயன்படுகிற வழக்கமான விளிம்பு அதுதான். தோள் என்பது இன்னொரு விளிம்பு. அதை முதலில் சுட்டிக்காட்டிய ஹூக்ஸ்டீன் பெயராலே அழைக்கிறோம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, மொத்தம் எட்டு. இப்படி ஒரு சதுரம், அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மூன்றாவது என்று மாடி கட்டினால் நாற்புரி.

நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. நான்கு ஆக்சிஜன் அணுக்கள் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பல்லாங்குழியில் சோழி விழுந்த மாதிரி இரண்டு மாடிகளுக்கு நடுவே அங்கே ஒரு பொட்டாசியம் அயனி வந்து உட்காருகிறது. மேலே நான்கு, கீழே நான்கு, எட்டு ஆக்சிஜனும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியம் உட்காரும், ஆனால் அவ்வளவு இறுக்கம் இல்லை. லித்தியம் உட்கார்ந்தும் பயனில்லை. நம் உடம்புச் செல்லுக்குள் நிறைந்திருப்பது எது? பொட்டாசியம்தான்.

இந்த லித்தியம் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஜி எழுத்து நிறைந்த ஒரு டிஎன்ஏ துண்டைத் தயாரித்துத் தரச் சொல்லி ஒரு நிறுவனத்துக்கு எழுதினோம். வந்தது. பொட்டாசியம் குளோரைடு கலந்த கரைசலில் கரைத்து, சூடாக்கி, ஆற விட்டு, துண்டுகளைப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் ஓட்டினேன். ஒரே பட்டையாக ஓட வேண்டியது நான்கைந்து இடத்தில் தீற்றலாக நின்றது. என் வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜெல்லைப் பார்த்தார். "சுத்தமில்லாத சரக்கு. தூக்கிப் போடு," என்றார். தூக்கிப் போட்டேன். போதாததற்கு அந்த நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு கடிதமும் எழுதினேன். பல வருஷம் கழித்து, மாணவர்களுக்கு நாற்புரி பற்றிப் பாடம் தயாரிக்கும்போதுதான் நெஞ்சு சுருக்கென்றது. சரக்கு சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. நான் ஊற்றிய பொட்டாசியத்தில் அது சமர்த்தாக மடிந்துகொண்டது. லித்தியம் குளோரைடு ஊற்றியிருந்தால் ஒரே பட்டை ஓடியிருக்கும். உலகமெங்கும் எத்தனை ஆய்வகங்களில் எத்தனை பேர் இந்த நாற்புரியைக் குப்பைத்தொட்டியில் போட்டிருப்பார்களோ!

சரி, கயிற்றை எடுக்கிறேன். இதிலிருந்து ஒரே ஒரு புரியைப் பிரிக்கிறேன். அதை மேலே, கீழே, மேலே, கீழே என்று மடக்குகிறேன். நான்கு தண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, இடையில் மூன்று வளைவு. நாற்புரிக்கு நான்கு தனித்தனி இழை வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஓர் இழையில் ஜி எழுத்து மும்மூன்றாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு நான்கு முறை வந்தால், அதுவே தன்னைத் தானே மடக்கிக்கொள்ளும். டிஎன்ஏ மட்டுமில்லை, ஆர்என்ஏவும் இப்படி மடியும்.

இப்படிப்பட்ட எழுத்து வரிசை நம் உடம்பில் எங்கே இருக்கிறது? முதலில் கண்ணில் பட்டது குரோமோசோம்களின் நுனி. ஷூ கயிற்றின் முனை பிரியாமல் இருக்க பிளாஸ்டிக் குப்பி மாட்டியிருப்பார்களே, அதுபோல ஒவ்வொரு குரோமோசோமின் முனையிலும் டெலோமியர் என்ற காப்பு. மனிதனில் அது டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்ததை நீட்டித் தருகிற நொதி டெலோமரேஸ். 1984 கிறிஸ்துமஸ் தினத்தில் கேரல் கிரைடர் என்ற ஆராய்ச்சி மாணவி ஆய்வகத்துக்கு வந்து பார்த்த படத்தில்தான் அது முதலில் தட்டுப்பட்டது. அவரும் அவர் ஆசிரியர் எலிசபெத் பிளாக்பர்னும் ஜாக் ஷோஸ்டக்கும் 2009இல் நோபல் பரிசு வாங்கினார்கள். சாதாரண உடற்செல்களில் பெரும்பாலும் இந்த நொதி தூங்குகிறது. புற்றுநோய்களில் 85 முதல் 90 விழுக்காட்டில் விழித்துக்கொள்கிறது.

இங்கேதான் மருந்தாகலாம் என்ற ஆசை பிறந்தது. டெலோமரேஸ் பிடித்து நீட்ட வேண்டுமானால் இழையின் நுனி நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நுனி நாற்புரியாக மடிந்துவிட்டால் நொதிக்குப் பிடிமானம் இல்லை. பொட்டாசியத்தில் மடித்தால் நொதி நிற்கிறது என்று 1991இல் தாமஸ் செக்கின் குழு காட்டியது. அப்படியானால் மடிப்பைப் பிரியவிடாமல் இறுக்குகிற ஒரு மூலக்கூறு இருந்தால்? 1997இல் ஸ்டீபன் நீடில், லாரன்ஸ் ஹர்லி இருவரும் ஆந்த்ராகுவினோன் குடும்பத்திலிருந்து ஒன்றைச் செய்து, அது டெலோமரேஸைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அன்று தொடங்கிய வரிசை இன்று ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது.

இந்த மூலக்கூறுகளின் சாடை எல்லாம் ஒன்றுதான். பானைக்கு மூடி தேடுகிறவர் என்ன பார்ப்பார்? தட்டையாக இருக்க வேண்டும், வாயை அடைக்கிற அகலம் வேண்டும். நாற்புரியின் மேல் மாடி ஒரு பெரிய தட்டையான சதுரம். சாதாரண இருபுரியில் இவ்வளவு அகலமான தட்டு கிடையாது. அங்கே நுழைகிற மூலக்கூறுகள் இரண்டு படிகளுக்கு நடுவே சொருகிக்கொள்ள வேண்டும். ஆகவே அகலமான மூடி செய்தால் அது இருபுரியை விட்டுவிட்டு நாற்புரியைத் தேடிப் போகும். மூடியின் ஓரத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட வால்கள் இரண்டு மூன்று வைத்தால், எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட் ஓரங்களை அவை கவ்விக்கொள்ளும். நீடிலின் பிராக்கோ-19 மூன்று வால் வைத்த அக்ரிடின். பாரிஸில் செய்த ஃபென்டிசி3, கேம்பிரிட்ஜில் செய்த பைரிடோஸ்டாட்டின் எல்லாம் இதே கணக்கு.

மனிதர் திட்டம் போட்டுச் செய்த மூடிகளை எல்லாம் ஒரு மண் பாக்டீரியா தோற்கடித்தது எனக்குப் பிடித்த கதை. 2001இல் ஜப்பானில் கசுவோ ஷின்யாவின் குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் அனுலேட்டஸ் என்ற மண்வாசியிடமிருந்து டெலோமெஸ்டாட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. எட்டு ஐங்கோண வளையங்களைக் கோத்து வட்டமாக முடித்த ஒரு வளையல். அதன் அளவு, அகலம், நடுப்பள்ளம் எல்லாம் நான்கு குவானின் சேர்ந்த சதுரத்தின் அச்சு. மாடி மேல் இன்னொரு மாடி மாதிரியே போய் உட்காருகிறது. வால் இல்லை, மின்னூட்டம் இல்லை. இருந்தாலும் அப்படி ஒரு பிடி.

ஆனால் ஒரு இடறல். டெலோமியர் தேய்ந்து செல் சாக வேண்டுமானால் எத்தனையோ தலைமுறை பிரிய வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். இந்த மூடிகளைப் போட்டால் புற்றுச்செல்கள் சில நாளிலேயே திணறின. தேயும் முன்பே காப்பு கழன்று, நுனியை அறுந்த டிஎன்ஏ என்று செல் எடுத்துக்கொண்டு கூப்பாடு போட்டது. தவிர, மூடி நுனியில் மட்டும் உட்காரவில்லை. எங்கெங்கோ உட்கார்ந்தது.

எங்கெங்கே? 2002இல் ஹர்லியின் அரிசோனா குழு ஒரு இடத்தைக் காட்டியது. மிக் என்ற மரபணு. ஏராளமான புற்றுநோய்களில் வரம்பு மீறி வேலை செய்வது. அதன் புரதத்தில் மருந்து நுழைய வாகான பொந்து கிடையாது என்பதால் மருந்துக் கம்பெனிகள் அதைத் தொடாமல் விட்டிருந்தன. அந்த மரபணுவை முடுக்குகிற முன்பகுதியில் ஜி எழுத்து நிறைந்த வரி ஒன்று இருக்கிறது. அது நாற்புரியாக மடிகிறது. டிஎம்பைபி4 என்ற போர்ஃபிரின் மூடியைப் போட்டால் மரபணுவின் சத்தம் குறைகிறது. புரதத்தைத் தொட முடியாவிட்டால் அதன் கட்டளை பிறக்கிற வாசலை அடைக்கலாம் என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? அடுத்த பத்து வருஷம் கேஆர்ஏஎஸ், கிட், பிசிஎல்2 என்று மரபணு மரபணுவாக வாசலில் நாற்புரி கண்டுபிடித்துக் கட்டுரை வந்து குவிந்தது. அவற்றில் பல, சோதனைக்குழாயில் தனித்துண்டு டிஎன்ஏவை வைத்துக்கொண்டு செய்தவை. மடியச் சொன்னால் மடிகிறது என்பதற்கும், செல்லுக்குள் மடிந்திருக்கிறது என்பதற்கும் உள்ள தூரத்தை நம்மில் பலர் அன்று கண்டுகொள்ளவில்லை.

அந்தத் தூரத்தைக் கடந்தவர்களில் ஒருவர் நம்ம ஊரில் பிறந்தவர். ஷங்கர் பாலசுப்பிரமணியன். 1966இல் சென்னையில் பிறந்தார். மறுவருஷமே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. ஆகவே நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை, ஒரு வருஷத்துக்கு உண்டான பெருமை போதும். (சிரிப்பு) கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து சோலெக்சா என்ற டிஎன்ஏ வாசிப்பு முறையைக் கண்டவர். இன்று உலகில் ஒரு மனிதனின் முழு மரபணுத் தொகுதியை ஒரு நாளில் வாசிக்கிறார்கள் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

2013இல் அவர் குழு, நாற்புரியை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிற பிஜி4 என்ற ஆன்டிபாடியைக் கொண்டு மனிதச் செல்லின் கருவைப் படம் பிடித்தது. குரோமோசோம்கள் மேல் குங்குமப் பொடி தூவியதுபோல் புள்ளிகள். நுனியில் சில, பெரும்பாலானவை நுனிக்கு வெளியே. செல் தன் டிஎன்ஏவை இரட்டிக்கும் நேரத்தில் புள்ளிகள் கூடின.

இரண்டு வருஷத்தில் இன்னொன்று செய்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை. டிஎன்ஏ வாசிப்புக் கருவி இழையின் மேல் எழுத்தெழுத்தாக நகர்கிறது. வழியில் நாற்புரி முடிச்சு இருந்தால் தடுக்கி விழுந்து தப்பும் தவறுமாக வாசிக்கும். சரி, ஒரே டிஎன்ஏவை இரண்டு முறை வாசிப்போம்: ஒரு முறை முடிச்சு விழாத சூழலில், இன்னொரு முறை பொட்டாசியமோ பைரிடோஸ்டாட்டினோ சேர்த்து. இரண்டாவது வாசிப்பு எங்கெல்லாம் தடுக்குகிறதோ அங்கெல்லாம் முடிச்சு. என் ஜெல் தடுக்கியபோது நான் கடிதம் எழுதினேன். அவர்கள் தடுக்கல்களை எண்ணினார்கள். 7,16,310 இடங்கள் வந்தன. அதற்குப் பத்து வருஷம் முன் கணினியில் எழுத்தைத் தேடிச் சொன்ன மதிப்பீடு ஏறத்தாழ 3,76,000தான்.

இது வெறும் டிஎன்ஏவில் மடியக்கூடிய இடங்கள். புரதங்கள் சுற்றிக்கொண்டிருக்கும் நிஜச் செல்லில் எத்தனை மடிந்திருக்கின்றன? 2016இல் அதே குழு சொன்ன விடை: ஓயாமல் பெருகுகிற ஒரு வகைத் தோல் செல்லில் சுமார் 10,000, இயல்பான தோல் செல்லில் ஆயிரத்தை ஒட்டி. முடிச்சுகள் பெரும்பாலும் மரபணு வாசல்களில், அதுவும் சுறுசுறுப்பாக வேலை செய்கிற மரபணுக்களின் வாசல்களில் இருந்தன. ஹர்லி சொன்ன மிக் வாசலும் அதில் உண்டு. இந்தத் தகவலில் ஒரு குத்தலும் இருக்கிறது, கவனித்தீர்களா? நாற்புரி மரபணுவை அடைக்கும் கதவு என்றால், திறந்து கிடக்கிற வாசல்களில் அது ஏன் இவ்வளவு? அடைக்கிற தாழ்ப்பாள் என்ற பழைய படம் அரைகுறையானது. சில இடத்தில் அது புரதங்களை அழைத்து உட்காரவைக்கிற திண்ணையாகவும் இருக்கிறது. தில்லியில் சாந்தனு சௌத்ரியின் குழு நாற்புரியும் மரபணுக் கட்டுப்பாடும் பற்றி இருபது வருஷமாகச் செய்துவரும் வேலைகளை இங்கே குறிப்பிடாமல் போனால் தப்பு.

இப்போது மூடிக்கு வருவோம். பத்தாயிரம் பானை. எல்லாவற்றுக்கும் வாய் ஒரே சதுரம், ஒரே அளவு. வித்தியாசம் எல்லாம் பக்கத்து வளைவுகளில். மூடியோ மேலிருந்து பார்க்கிறது. அதற்கு வாய் மட்டும்தான் தெரியும். மிக் வாசலை மட்டும் மூடு, மற்றதை விடு என்று அதற்குச் சொல்ல முடியவில்லை. இருபது வருஷம் வேதியியலாளர்கள் தேடியது "இந்தப் பானைக்கு மட்டும் இந்த மூடி". சில நல்ல மூடிகள் வந்தன. ஆனாலும் அந்தத் தேடல் கேள்வியையே கொஞ்சம் தப்பாகக் கேட்டது என்பது என் அபிப்பிராயம். எந்த முடிச்சை இறுக்குவது என்று கேட்டோம். எந்தச் செல்லுக்கு முடிச்சு தாங்காது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். செல் முட்டாள் இல்லை. முடிச்சை அவிழ்க்க அதனிடம் ஆள் இருக்கிறார்கள். ஹெலிகேஸ் என்ற நொதிகள். பிஎல்எம், ஃபான்க்ஜே, டிஎச்எக்ஸ்36 என்று ஒரு பட்டியல். டிஎன்ஏ இரட்டிக்கும் இயந்திரம் முடிச்சில் மோதினால் இவர்கள் வந்து அவிழ்ப்பார்கள். மூடி போட்டு இறுக்கினால் அவிழ்க்க முடியாமல் இயந்திரம் நின்று, கயிறு அறும். அறுந்தாலும் பரவாயில்லை, அச்சுப் பிசகாமல் ஒட்டுப் போடுகிற குழு ஒன்று உண்டு. அதில் முக்கியமானவர்கள் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களின் புரதங்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், பெரியம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று வரும் குடும்பங்களில் மருத்துவர் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். அந்தப் புற்றுக்கட்டியின் செல்களில் ஒட்டுப் போடுகிற குழு இல்லை. நோயாளியின் மற்ற செல்களில் ஒரு நல்ல பிரதி இருக்கிறது, ஒட்டு நடக்கிறது. ஆகவே கயிற்றை அங்கங்கே அறுக்கிற மருந்தைக் கொடுத்தால் கட்டி சாகும், உடம்பு சமாளிக்கும். ஓலாபரிப் என்ற மருந்து இந்தத் தத்துவத்தில்தான் 2014இல் அங்கீகாரம் பெற்றது. அது வேறு வழியாக அறுக்கிறது. நாற்புரி மூடியும் அதே வேலையைச் செய்யும் என்று 2016இல் ஆக்ஸ்ஃபோர்டில் மடலினா டார்சூனாஸ் குழு பைரிடோஸ்டாட்டினைக் கொண்டு காட்டியது.

பத்தாயிரம் இடத்தில் மூடி உட்கார்வது இங்கே குற்றம் இல்லை. தேர்வு முடிச்சில் இல்லை, செல்லின் குறையில் இருக்கிறது.

மனிதருக்குள் முதலில் போன மூடி இந்தக் கணக்கில் போகவில்லை. அதன் பெயர் குவார்ஃப்ளாக்சின். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை நம்மில் பாதிப்பேர் வாங்கிச் சாப்பிட்டிருப்போம்; அந்தக் குடும்பத்துப் பிள்ளையைப் பெரிதாக்கி, தட்டையாக்கிச் செய்தது. அமெரிக்காவில் சைலீன் என்ற கம்பெனி இரண்டாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோய், அங்கே நின்றுவிட்டது. அதன் தம்பி சிஎக்ஸ்-5461. இதை, செல்லின் புரத ஆலையான ரைபோசோமின் உற்பத்தியை நிறுத்துகிற மருந்து என்றுதான் முதலில் செய்தார்கள். 2017இல் கனடாவில் சாமுவேல் அப்பாரிசியோவின் குழு, இது நாற்புரியை இறுக்குகிறது, பிஆர்சிஏ குறையுள்ள செல்களைக் குறிபார்த்துக் கொல்கிறது என்று எழுதியது. கனடாவில் 40 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2022இல் வந்தது. சுமார் 14 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. பெரும்பாலும் ஒட்டுப் போடும் குழுவில் பழுது உள்ளவர்களுக்கு. கடைசி மருந்தும் கேட்காமல் போனவர்கள் அவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

பக்கவிளைவு வெயில். மருந்து தோலில் தங்கி ஒளியைப் பிடித்துக்கொள்வதால் வெயில் பட்டால் தோல் எரிந்தது, கண் கூசியது. தட்டையான, ஒளியை விழுங்குகிற மூடியைச் செய்தால் இது வராமல் இருக்குமா? பிடிப்பைத் தந்த அதே குணம்தான் எரிச்சலையும் தந்தது. கனடாவின் வெயிலுக்கே இந்தப் பாடு என்றால் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்.

அதைவிடக் கவலை தருவது இரண்டு விஷயம். சிஎக்ஸ்-5461 செல்லைக் கொல்வதில் டோபோஐசோமரேஸ்-2 என்ற இன்னொரு நொதியைச் சிக்கவைப்பதற்குப் பெரும் பங்கு உண்டு என்று 2020ஐ ஒட்டி வேறு குழுக்கள் காட்டின. அப்படியானால் இது நாற்புரி மருந்தா, பழைய பாணி மருந்து புதுச் சட்டை போட்டு வந்ததா? என்னைக் கேட்டால் இரண்டும் கலந்தது என்பேன். அடுத்தது, 2024இல் வந்த ஒரு கட்டுரை: ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் இந்த மருந்து கடுமையான மரபுப் பிறழ்வுகளை உண்டாக்குகிறது. புற்றைக் கொல்ல வந்தது நல்ல செல்லில் பிழை எழுதிவிட்டுப் போகக்கூடும். நாற்புரி மாநாடுகளில் இதைச் சத்தமாகச் சொல்கிறவர்கள் கொஞ்சம்தான். பைரிடோஸ்டாட்டின் நரம்புச் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது என்றும் 2017இல் எழுதியிருக்கிறார்கள்.

நீடில் குழுவின் இன்னொரு மூடி, கியூஎன்-302, கணையப் புற்றுநோயைக் குறிவைத்து 2023இல் அமெரிக்காவில் முதல் கட்டச் சோதனைக்குள் நுழைந்தது. முதல் கட்டம் என்பது மருந்தைத் தாங்க முடிகிறதா என்று பார்ப்பது மட்டுமே.

புற்றுநோய்க்கு வெளியேயும் நாற்புரிக்கு வேலை உண்டு. சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறு எழுத்து சாதாரணமாக முப்பதுக்குள் அடங்கும். சிலருக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நீண்டு, தசைகளை இயக்குகிற நரம்புச் செல்களைச் சாகடிக்கிற ஏஎல்எஸ் நோய்க்குக் காரணமாகிறது என்று 2011இல் தெரிந்தது. அந்த வரியின் ஆர்என்ஏ நாற்புரியாக மடிகிறது.

ஜப்பானில் செய்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஏடிஆர்-எக்ஸ் என்று பிள்ளைகளுக்கு வரும் அபூர்வமான மரபு நோய். அறிவு வளர்ச்சி குன்றும். நாற்புரிகளில் போய் உட்கார வேண்டிய ஒரு புரதம் பழுதானதால் வருவது. அதே பழுதை வைத்து உண்டாக்கிய சுண்டெலிகளுக்கு நோரிஃபுமி ஷியோடா குழு 5-ஏஎல்ஏ என்ற பொருளைக் கொடுத்தது. இது ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை; ரத்தத்தின் சிவப்பைச் செய்ய நம் உடம்பே தயாரிக்கிற முதல் படி. உடம்பு அதை போர்ஃபிரினாக மாற்றுகிறது, போர்ஃபிரின் தட்டையானது, நாற்புரியில் உட்காருகிறது. தறிகெட்டு ஓடிய ஒரு மரபணு அடங்கியது, எலிகளின் நினைவுத்திறன் தேறியது. 2018இல் நேச்சர் மெடிசினில் வந்தது. ஆயிரம் மூடிகளைக் குடுவையில் செய்துகொண்டிருந்த எங்களுக்கு, உடம்பே ஒரு மூடி செய்து வைத்திருப்பதைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கூட்டம் தொடங்கும் முன் ஓர் அம்மா என்னிடம் வந்து, "இந்த மருந்து இங்கே கிடைக்குதா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்கள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. இல்லை அம்மா. எந்த மருந்துக் கடையிலும் இல்லை. எந்த நாட்டிலும் இது அங்கீகாரம் பெற்ற மருந்து இல்லை. டிஎன்ஏ மருந்து, நாற்புரி சிகிச்சை என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் தொடர்ந்து வந்திருந்தால் பிஆர்சிஏ சோதனை செய்யலாமா என்று புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள். அது இன்றைக்கே செய்யக்கூடியது.

கடைசியாக ஒன்று. 2020இல் கேம்பிரிட்ஜ் குழு 22 மார்பகப் புற்றுக்கட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எங்கெங்கே நாற்புரி மடிந்திருக்கிறது என்று வரைபடம் போட்டது. நோயாளிகளிடமிருந்து எடுத்து எலிகளில் வளர்த்த கட்டிகள். ஒரு கட்டியின் வரைபடம் இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை; ஒரே பெயர் வைத்த புற்றுநோய்க்குள்ளேயே பல வகை தெரிந்தன. இனி ஒரு நோயாளியின் திசுத்துணுக்கில் பிஜி4ஐத் தடவி, முடிச்சு எத்தனை, எங்கே என்று பார்த்து, ஒட்டுப் போடும் குழு உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்து, அதற்குப் பிறகு மூடியைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற சோதனையை யாராவது ஒழுங்காக நடத்த வேண்டும். நான் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். நூலகர் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். போகும்போது கயிறு வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரியை நான் பிரித்துவிட்டேன், மீதி இரண்டு புரி இருக்கிறது.